கண்ணீரும் கணக்கும்

1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில், ராமையாவின் குடிசைக்குள் ஒளிந்திருந்த 44 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அனைவரும் தலித் விவசாயக் கூலிகளின் குடும்பத்தார். அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டார்கள் என்பதும், செங்கொடியை இறக்கிவிட்டு மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கத்துக்குப் பணிந்துபோக மறுத்தார்கள் என்பதும்தான் அவர்கள் செய்த குற்றம். 1970இல் நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் அந்தச் சங்கத்தின் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடுவுக்கும் வேறு சிலருக்கும் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. ஏராளமான நிலமும் வசதியும் உள்ள பெரிய மனிதர்கள், வேலையாட்களை விட்டுச் செய்யாமல் தாங்களே நடந்துவந்து தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்பது அந்தத் தீர்ப்பு முன்வைத்த வாதங்களில் ஒன்று. செல்வந்தர்களின் சுபாவம் எப்படிப்பட்டது என்ற அனுமானம், அரைப்படி நெல்லுக்காக நடந்த சண்டையைவிட அங்கே கனமாக நின்றது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1975இல், இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ வெளிவந்தது. 1977இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வெண்மணியை நினைவில் வைத்து எழுதப்பட்ட அந்த நாவலில் கூலிப் பிரச்சினை வருகிறது, சங்கம் வருகிறது, தில்லியிலிருந்து கிராமத்துக்கு வந்த படித்தவர்களான கோபாலும் சிவாவும் நடந்ததைப் புரிந்துகொள்ள முயன்று விவாதிக்கிறார்கள். ஆனால் நிலவுடைமையாளரான கண்ணையா நாயுடுவின் வன்மத்துக்கு வேர் எது என்று தேடும்போது, நாவல் அவருடைய ஆண்மைக் குறைவில் போய் நிற்கிறது. இடதுசாரி விமர்சகர்கள் அன்றே இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் கட்சி விசுவாசம் கொஞ்சம் கலந்திருக்கலாம். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஒரு மனிதருடைய உடற்குறைதான் அந்தத் தீயைக் கொளுத்தியது என்றால், அந்தக் குறை இல்லாத நிலக்கிழார் அரைப்படி நெல்லைக் கொடுத்திருப்பாரா? கீழத்தஞ்சையின் வரலாறு தெரிந்த எவரும் ஆம் என்று சொல்ல மாட்டார். நாவல் துயரத்தை மறைக்கவில்லை. அதன் கடைசிப் பக்கங்களின் தீ வாசகரைச் சுடவே செய்கிறது. அது தவறவிட்டது காரணத்தை. தீர்ப்பு செல்வந்தரின் சுபாவத்தைப் பார்த்தது, நாவல் அவருடைய அந்தரங்கத்தைப் பார்த்தது. படி அளந்த கையை இரண்டுமே போதிய அளவுக்குப் பார்க்கவில்லை.

துன்பத்தையும் ஒடுக்குமுறையையும் ஒரு மனிதரின் வீழ்ச்சியையும் இலக்கியம் எப்படி எழுத வேண்டும் என்ற கேள்விக்கு என் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. எவ்வளவு அழவைக்கிறது என்பது ஒரு படைப்பின் உண்மைக்கு அளவுகோல் ஆகாது. அந்தத் துன்பம் யார் கையால், எந்த ஏற்பாட்டால், என்ன விலைக்கு நடந்தது என்ற கணக்கை அது விடாமல் பிடித்திருக்கிறதா என்பதே அளவுகோல். இது மேற்கிலிருந்து இறக்கிய கோட்பாடு இல்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகையைப் பற்றிப் பேசும்போது அதற்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: பிறரால் இகழப்படுதல், உயிரையோ பொருளையோ இழத்தல், முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்தல், வறுமை. கண்ணீரை வெறும் உணர்ச்சியாக அந்த இலக்கணம் எண்ணவில்லை. எதிலிருந்து பிறந்தது என்று கேட்டே அதை வகைப்படுத்துகிறது. ஒடுக்குமுறை, இழப்பு, வீழ்ச்சி, வறுமை என்று இன்றைய நாவல்கள் எடுத்துக்கொள்ளும் பொருள்கள் எல்லாமே அந்த நான்குக்குள் அடங்கிவிடுகின்றன. அழுகையின் காரணத்தைக் கேட்பது கவிதைக்கு வெளியே இருப்பவரின் வேலை என்று நம் பழைய மரபு ஒருபோதும் நினைத்ததில்லை.

தேயிலைத் தோட்டங்களைப் பற்றிய இரண்டு படைப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’ 1935இல் ‘மணிக்கொடி’யில் வந்தது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குப் போன நம் பெண்களைப் பற்றிப் பாரதி எழுதிய பாட்டிலிருந்து அதன் தலைப்பு வந்தது. திருநெல்வேலிச் சீமையின் ஒரு சேரியில் வெள்ளையனும் மருதியும் வாழ்கிறார்கள். அவன் சிறைக்குப் போக, கர்ப்பிணியான அவள் ஆள்பிடிப்பவனின் பேச்சை நம்பி இலங்கைக்குப் போகிறாள். தோட்டத்து அதிகாரியின் கையில் சீரழிகிறாள், நோயாளியாகிறாள். 1935இல் ஒரு தமிழ் எழுத்தாளர் இதை எழுதினார் என்பதே பெரிய செயல். சேரிக்கும் பண்ணைக்கும் உள்ள உறவையும், ஊரில் உயிர்வாழ வழி அடைபட்ட பிறகு தோட்டத்துக்கான வழி எப்படித் திறக்கிறது என்பதையும் காட்டும் முற்பகுதியில் கதை மிக வலுவாக நிற்கிறது. மருதி ஏன் போனாள் என்பது நமக்குத் தெரியும். போகாமல் இருக்க அவளுக்கு என்ன வழி இருந்தது என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். தோட்டத்துக்குள் போன பிறகு, வேலையையும் கூலியையும் விட்டுவிட்டு, தற்செயலான சந்திப்புகளிலும் நாடகத் திருப்பங்களிலும் கதை தன் பாரத்தை இறக்கி வைக்கிறது. அங்கே நாம் மருதிக்காக இரங்குகிறோம். ஆனால் தோட்டம் என்ற அமைப்பு எப்படி ஓடுகிறது என்பது நம் கைக்கு அகப்படுவதில்லை.

பி. எச். டேனியல் ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை பார்த்தவர், அங்கே தொழிற்சங்கம் கட்டியவர். 1969இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ரெட் டீ’ நாவலை இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார்; பாலாவின் ‘பரதேசி’ (2013) அதைத் தழுவியது. கருப்பனும் வள்ளியும் நெல்லைப் பக்கத்து மயிலோடையிலிருந்து மேஸ்திரியின் பேச்சைக் கேட்டு மலைக்குப் போகிறார்கள். நடை, குளிர், அட்டை, மலேரியா, கங்காணியின் அடி, துரையின் வெறி எல்லாம் நாவலில் உண்டு. ஆனால் நம்மை உலுக்கும் இடம் இவற்றுக்கு நடுவே இல்லை. வருஷ முடிவில் கணக்கு முடிக்கும் நாளில் இருக்கிறது. வருஷம் முழுக்க இரண்டு பேரும் வேலை செய்திருக்கிறார்கள். ஊரில் கைநீட்டி வாங்கிய முன்பணம் கழிகிறது. கடையில் வாங்கிய அரிசிக்கும் சாமானுக்கும் கழிகிறது. காய்ச்சலில் படுத்த நாட்களுக்குக் கூலி இல்லை. கழித்து முடித்தால் ஊருக்குத் திரும்பக் காசு மிஞ்சுவதில்லை, கடன்தான் மிஞ்சுகிறது; ஆகவே இன்னொரு வருஷம். யாரும் அவர்களைச் சங்கிலியால் கட்டவில்லை, ஒரு பேரேடு கட்டியிருக்கிறது. அவர்கள் உழைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் மேஸ்திரிக்குக் கமிஷன் உண்டு என்பதால், அவர்கள் ஊர் திரும்பாமல் இருப்பதில் அவனுக்கு நேரடி லாபம் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் 1903இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகும் கூலியைச் சிறைக்கு அனுப்ப வழி வைத்திருந்தது. இந்த ஏற்பாட்டுக்குள் வைத்துப் பார்க்கும்போதுதான் வள்ளியின் அச்சமும் கருப்பனின் மௌனமும் அவற்றின் முழு எடையோடு நம்மீது இறங்குகின்றன.

கலைத்திறனில் டேனியல் புதுமைப்பித்தனுக்கு நிகர் இல்லை. வாக்கிய நுட்பத்திலும் மனிதரைச் சில கோடுகளில் வரைந்து நிறுத்தும் ஆற்றலிலும் புதுமைப்பித்தன் எட்டாத உயரத்தில் இருக்கிறார். அப்படியிருந்தும் தோட்டத்து வாழ்வின் துன்பத்தை அறிந்துகொள்ள எதைப் படிப்பது என்று ஒருவர் கேட்டால் நான் ‘எரியும் பனிக்காட்டை’த்தான் முதலில் சொல்வேன். ஒரு மேதையின் இரக்கத்தைவிட, நோயாளியின் நாடியைப் பிடித்துக்கொண்டே அவன் சம்பளச் சீட்டையும் பார்த்த ஒரு மருத்துவரின் கவனம் இந்த விஷயத்தில் ஆழமாகப் போயிருக்கிறது. நோய்க்கான காரணத்தை உடம்புக்குள் மட்டும் தேடக் கூடாது, அந்த உடம்பு தூங்கும் லைன் வீட்டிலும் தின்னும் அரிசியிலும் தேட வேண்டும் என்று அவருடைய தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு உடனே எழும். இலக்கியம் விசாரணை அறிக்கை இல்லை, கூலியும் கமிஷனும் பொருளாதாரத் துறையின் வேலை, நாவலின் வேலை மனித மனத்தின் ஆழம் என்பார்கள். ‘குருதிப்புனலு’க்கு ஆதரவாகவும் இதைத்தான் சொல்ல முடியும். மனத்தின் ஆழமே நாவலின் இடம் என்பதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆழத்தில் என்ன இருக்கிறது? இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) அதற்குப் பதில் சொல்லும். பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி ஆரோக்கியம். பிள்ளைப்பேறு என்றாலும் சாவு என்றாலும் அவள் இல்லாமல் அங்கே காரியம் நடக்காது. அந்தி சாய்ந்ததும் ஒவ்வொரு வாசலாகப் போய்க் குரல் கொடுத்துச் சோறு எடுக்கிறாள். அறுவடை முடிந்தால் களத்தில் போய் நின்று தன் பங்குத் தானியத்தைக் கேட்கிறாள். அந்த வாசல்களில் ஊற்றப்படும் கூழின் அளவும், களத்தில் அள்ளிப்போடும் கையின் தாராளமும் வருஷத்துக்கு வருஷம் குறைகின்றன. தையல்காரனும் சலவைக் கடையும் வந்துவிடுகின்றன. ஊருக்கு அவள் தேவைப்படுவது குறைந்துகொண்டே போகிறது. ஆரோக்கியத்தின் மனத்துக்குள் நாம் எவ்வளவு ஆழமாக இறங்கினாலும் அங்கே இருப்பது இந்தக் கையளவுகள்தான். இன்ன வீட்டில் போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு, கொடுத்தவள் முகம் எப்படி இருந்தது என்பவைதான் அவளுடைய அந்தரங்கம். ஏழையின் அகத்தைப் புறத்திலிருந்து பிரித்து எழுதலாம் என்று நினைப்பவர், வயிறு நிறைந்தவரின் அகத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிவிடுகிறார்.

ஆரோக்கியத்தின் கதையில் இன்னொன்றும் கிடைக்கிறது. தனிமனித வீழ்ச்சியை எழுதுவதில் தமிழில் இதற்கு ஈடு சொல்லக் கூடிய நாவல்கள் குறைவு. அவள் இழப்பது எதை? தன்னைத் தாழ்த்தி வைத்திருந்த ஒரு முறையையே இழக்கிறாள். வாசலில் நின்று சோறு எடுப்பது இழிவு என்று நாம் வெளியே நின்று சொல்லலாம். அவளுக்கோ அது உரிமை. அந்தக் குடியிருப்பு தன்னை நம்பி இருக்கிறது, தான் இல்லாவிட்டால் அங்கே பிறப்பும் இறப்பும் முறையாக நடக்காது என்ற பெருமையில்தான் அவள் நிமிர்ந்து நடந்தாள். அந்த முறை உடைவது வரலாற்றுக்கு நல்லது, அவளுக்குப் பேரழிவு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இமையம் இரண்டில் எதையும் கைவிடவில்லை. பழைய முறைக்காக ஏங்க நம்மைத் தூண்டவும் இல்லை, ஆரோக்கியத்தின் ஏக்கத்தை அறியாமை என்று ஒதுக்கவும் இல்லை. முன்பிருந்த நிலை கெட்டுத் தாழ்தல் என்று பழைய இலக்கணம் சொன்ன அழுகையின் மிகக் கடினமான வகை இது. தன்னை ஒடுக்கிய ஒன்று போனதற்காக ஒருத்தி அழும்போது, அந்த அழுகையின் காரணத்தை எழுதத் தெரியாத எழுத்தாளர் அவளையோ வரலாற்றையோ பொய்யாக்கிவிடுவார்.

இந்த நாவல் வந்தபோது எழுந்த எதிர்ப்பு நம் இரண்டாவது மறுப்பாகும். தலித்துகள் தங்களுக்குக் கீழே ஒரு சாதியை வைத்து வேலை வாங்குகிறார்கள் என்று காட்டுவது ஆதிக்கச் சாதிகளின் கையில் ஆயுதத்தைக் கொடுப்பதாகாதா என்று தலித் விமர்சகர்கள் சிலர் கேட்டார்கள். நூற்றாண்டுகளாகப் பழி சுமத்தப்பட்டவர்கள், இன்னும் ஒரு பழி வந்து சேர்வதைக் கண்டு எச்சரிக்கை ஆவதில் நியாயம் உண்டு. அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் நான் மறுபக்கம் நிற்கிறேன். சாதி என்பது மேலே ஒருவர், கீழே ஒருவர் என்ற இரண்டு தட்டாக இருந்திருந்தால் எப்போதோ உடைந்திருக்கும். ஒவ்வொருவருக்கும் மேலே ஒருவரும் கீழே ஒருவரும் இருக்கும் படிவரிசைச் சமத்துவமின்மை அது என்று அம்பேத்கர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதனால்தான் அதை எதிர்த்து எல்லோரும் ஒன்றுசேர்வது கடினமாகிறது என்றும் விளக்கினார். ஆரோக்கியத்தின் மகள் மேரி அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ஒருவனால் சீரழிக்கப்படும்போது, வாய்திறந்து நியாயம் கேட்க அவளுக்கு ஓர் இடம் இல்லை என்பதை நாவல் காட்டுகிறது. அந்த இடமின்மையைச் செய்தது எது என்று கேட்கும் வாசகர் மேரியைச் சீரழித்தவனோடு நின்றுவிட மாட்டார். அவனையும் ஓர் அடி மேலே நிறுத்திவைத்து அவனிடம் அந்தச் சிறு அதிகாரத்தைக் கொடுத்த முழு ஏணியையும் பார்ப்பார். துன்பப்படுபவரைக் குறையே இல்லாதவராக எழுதினால் அவர் மீது இரக்கம் கூடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அவர் மனிதர் என்ற மதிப்பே குறைந்துபோகிறது. குறையில்லாதவருக்குத்தான் நியாயம் கிடைக்க வேண்டும் என்ற பழக்கம் வந்துவிட்டால், குறையுள்ள மனிதர் எரிக்கப்படும்போது ஊர் சும்மா இருக்கும்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) இந்த விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற நிலக்காரனை வெட்டிவிட்டு ஓடுவதில் நாவல் தொடங்குகிறது. பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரியும் நாட்கள். அந்த நாட்களில் என்ன நடக்கிறது? கல்லைக் கூட்டி அடுப்பு வைக்கிறார்கள், கிடைத்ததைச் சமைக்கிறார்கள், கிணற்றில் நீந்துகிறார்கள், எந்தப் புதரில் படுத்தால் கண்ணுக்குத் தெரியாது என்று இடம் பார்க்கிறார்கள், பழைய கதைகளைப் பேசுகிறார்கள். நிலத்தை வளைத்துப்போடத் துடித்த ஒருவனின் பேராசைதான் இத்தனைக்கும் காரணம் என்பது அந்தப் பேச்சுகளின் ஊடே கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்குகிறது. பூமணி எந்த இடத்திலும் இந்தக் குடும்பத்துக்காக இரங்கும்படி நம்மிடம் கேட்பதில்லை. இவர்களுக்குக் காடு தெரியும், பயிர் தெரியும், வேட்டை தெரியும், நியாயம் எது என்பதும் தெரியும். இத்தனை தெரிந்தவர்களைத்தான் சட்டமும் ஊரும் ஓடவைத்திருக்கின்றன என்பதில் ஒடுக்குமுறையின் அளவு நமக்குப் புலப்படுகிறது. அடிபட்டுக் கிடப்பவனை மட்டும் காட்டினால், அவன் எப்போதும் அடிபடப் பிறந்தவன் என்ற எண்ணம் நமக்கே தெரியாமல் மனத்தில் ஊறிவிடும். அவனுடைய திறமையையும் சிரிப்பையும் ருசியையும் காட்டும்போதுதான் அவனிடமிருந்து பறிக்கப்பட்டது என்ன என்று தெரியும்.

மூன்றாவது மறுப்பு, எழுதும் உரிமை பற்றியது. துன்பத்தை அனுபவித்தவர்தான் எழுதலாம், மற்றவர் எழுதுவது பரிதாபப் பார்வைதான் என்ற வாதம் 1990களில் தமிழில் தலித் இலக்கியம் தன் பெயரில் எழுந்து நின்றபோது உரக்க ஒலித்தது. அந்த வாதத்தின் பலம் என்ன என்று அறிய பாமாவின் ‘கருக்கு’ (1992) போதும். பள்ளிவிட்டு வரும் சிறுமி, தெருவில் தங்கள் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தை அதன் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்க்கிறாள். பொட்டலத்தில் கை படாமல், நூல் நுனியில் அது ஆடிக்கொண்டே போகிறது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கிறாள். அவன் சிரிக்கவில்லை; நம்மவர் தொட்டால் நாயக்கருக்குத் தீட்டு, அதனால்தான் நூலைப் பிடித்துக்கொண்டு போனார் என்று விளக்குகிறான். தீண்டாமையைப் பற்றிய நூறு சொற்பொழிவுகள் செய்யாததை அந்த நூல் செய்துவிடுகிறது. இதை வெளியிலிருந்து ஒருவர் கற்பனை செய்திருந்தால், பெரியவரின் முகத்தில் அவமானத்தை எழுதியிருப்பார். முதலில் சிரிப்பு வந்தது என்று எழுத, அந்தத் தெருவில் வளர்ந்திருக்க வேண்டும். அவமானம் ஒரு குழந்தைக்குப் பிறவியில் வருவதில்லை, யாரோ சொல்லித்தான் தெரிகிறது என்ற உண்மை அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது.

ஆகவே அனுபவம் தரும் அறிவுக்கு ஈடு இல்லை. ஆனால் அதன் மதிப்பு எங்கே இருக்கிறது என்று சரியாகப் பார்க்க வேண்டும். அடிபட்டவருக்கு வலி அதிகம் தெரியும் என்பதால் மட்டும் அவர் எழுத்து உயர்வதில்லை. அளக்கப்பட்டவருக்கு அளந்த விதம் தெரியும். நூலைப் பிடித்தவருக்கு எந்த விரலால் பிடிக்க வேண்டும் என்று தெரியும். ஒடுக்குமுறையின் நுட்பங்கள் ஒடுக்குபவருக்குக்கூட அவ்வளவு விவரமாகத் தெரியாது, ஏனெனில் அவை அவருக்குப் பழக்கம் ஆகிவிட்டன. இந்தக் காரண அறிவுதான் ‘கருக்கு’ போன்ற நூல்களின் தனிச்சொத்து. வெளியே இருப்பவர் அதை முழுதாகப் பெற முடியாது; ஆனால் டேனியலைப் போல நீண்ட காலம் அருகில் இருந்து, விடாமல் கேட்டு, ஏற்பாட்டின் இயக்கத்தைக் கற்றுக்கொண்டு ஒரு பகுதியைச் சம்பாதிக்கலாம். அந்தச் சம்பாத்தியம் இல்லாமல் உணர்ச்சியை மட்டும் கொண்டு எழுதுபவர்தான் பிறர் துன்பத்தைக் கையாடுகிறார். இன்னார் எழுதலாம், இன்னார் எழுதக் கூடாது என்று பட்டியல் போடுவதைவிட இந்தக் கேள்வி பயனுள்ளது. பிறப்பால் உள்ளே இருப்பவருக்கும் அது பொருந்தும். சொந்தத் துன்பத்தையும் காரணம் இல்லாமல் எழுத முடியும். அப்போது அது கழிவிரக்கமாக முடியும்.

காரணம், கணக்கு என்று போனால் பிரச்சார இலக்கியத்தில்தானே போய் முடியும் என்று ஓர் ஐயமும் எழலாம். சங்கத் தலைவர் வந்து பேசி, கடைசி அத்தியாயத்தில் கொடி ஏறும் நாவல்களை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். அவை தோற்றதற்குக் காரணத்தைக் காட்டியது பொறுப்பல்ல. காரணத்தைக் காட்டாமல், முன்பே தயாரான விடையைக் காட்டின. அவற்றின் பண்ணையார் எல்லா ஊர்களிலும் ஒரே பண்ணையார், தொழிலாளி ஒரே தொழிலாளி. உண்மையான காரணம் ஊருக்கு ஊர் வேறு. கீழத்தஞ்சையில் அது களத்து நெல், ஆனைமலையில் பேரேட்டு முன்பணம், ஆரோக்கியத்தின் ஊரில் அந்திச் சோறு, கரிசல் மண்ணில் நிலத்தின் எல்லை. இந்த வேறுபாட்டை எழுதுபவர் முழக்கம் எழுத முடியாது.

எல்லாவற்றிலும் பழைய மறுப்பு ஒன்று மிஞ்சியிருக்கிறது. மனித வீழ்ச்சியின் மூலம் மனிதருக்கு எட்டாதது, பெரும் படைப்புகள் விதியின் முன் மனிதரை நிறுத்தி வைத்தவை, கூலியும் சட்டமும் மாறினாலும் துயரம் மாறாது என்பது அது. சிலப்பதிகாரத்தையே சாட்சிக்கு அழைப்பார்கள். நியாயம்தான், அந்தக் காப்பியம் கோவலனின் சாவுக்கு இரண்டு காரணங்கள் சொல்கிறது. ஒன்று, முற்பிறவியில் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் பரதனாக இருந்த அவன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்த பழி. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு இதைச் சொல்லி அமைதிப்படுத்துகிறது. ஆனால் எப்போது சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். கண்ணகி அரண்மனைக்குப் போய், தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று சொல்லி, அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் வாயாலேயே கேட்டு, உடைத்துக் காட்டி, அவன் தன் பிழையை உணர்ந்து உயிர்விட்டு, மதுரையும் எரிந்த பிறகுதான் ஊழ்வினையின் கதை வருகிறது. இன்னொரு காரணமான பொற்கொல்லனின் திருட்டும் அரசனின் ஆராயாத ஆணையும் முதலில் பெயர்சொல்லி நிறுவப்படுகின்றன. ஊழை நம்பிய கவிஞர்கூட மனிதர் செய்த பகுதியை ஊழின் கணக்கில் எழுதிவிடவில்லை. கண்ணகி வழக்காடாமல் ஊழ் என்று அழுதிருந்தால் அந்தக் காப்பியமே இல்லை. மரணமும் முதுமையும் பிரிவும் எந்தச் சட்டத்தாலும் தீராதவை என்பது உண்மை. அவற்றை எழுதும் இலக்கியத்துக்கு வேறு நியாயங்கள் உண்டு. மனிதர் செய்த கொடுமையை அந்தப் பட்டியலில் சேர்த்து எழுதுவதுதான் தவறு. அப்படிச் சேர்த்ததும் குற்றவாளி காணாமல் போய்விடுகிறார், நமக்குச் செய்ய ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது, சோகத்தின் அழகு மட்டும் கையில் நிற்கிறது.

இன்றைக்கும் இந்தக் கேள்வி ஆறிப்போன ஒன்றில்லை. மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்த பிறகும் கழிவுநீர்த் தொட்டிகளுக்குள் இறங்கியவர்கள் விஷவாயுவில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். மேற்குத் தமிழகத்து நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை ஆண்டுக்கணக்கில் விடுதிக்குள் வைத்து வேலை வாங்கினார்கள். செங்கல் சூளைகளில் முன்பணம் இன்னும் குடும்பங்களைக் கட்டிவைக்கிறது. இவற்றைப் பற்றிக் கவிதைகளும் கதைகளும் வருகின்றன. பலவற்றில் கண்ணீர் நிறைய இருக்கிறது, ஒப்பந்ததாரர் இல்லை. தொட்டிக்குள் இறங்கியவரின் கடைசி மூச்சு வர்ணிக்கப்படுகிறது. அவரை இறக்கிவிட்ட ஏற்பாட்டில் யார் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்பது வருவதில்லை. எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அந்தச் சாவை எழுதும் முன் அந்த ஒப்பந்தத்தைப் படியுங்கள், கூலி கொடுக்கும் நாளில் அந்த வரிசையின் பக்கத்தில் நில்லுங்கள், முன்பணம் கைமாறும் வீட்டுக்குப் போங்கள். வாசகர்களிடம் கேட்பதும் அதையொட்டியதே: ஒரு நாவல் உங்களை அழவைத்தால் அந்த அழுகையை நம்புங்கள், ஆனால் அதோடு நூலை மூடிவிடாதீர்கள், இந்தத் துன்பத்தால் யாருக்கு லாபம் என்று அந்த நூல் சொன்னதா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சொல்லியிருந்தால் அதைப் பத்துப் பேருக்குக் கொடுங்கள். சொல்லாவிட்டால், அது எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பாதி வேலைதான் செய்திருக்கிறது என்று தயங்காமல் சொல்லுங்கள்.